உணவு அறிவியல் படிப்பும் அதன் பின் கிடைக்கும் வேலைகளும்: சேலத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், அம்மாபேட்டையிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. நான் உணவு அறிவியல் படித்து, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலும், அதன் பிறகு ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்திலும் வேலை பார்த்தவள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உணவு அறிவியல் என்பது சமையல் படிப்பா?

இல்லை. சமையல் கலையும் உணவக நிர்வாகமும் தனிப் படிப்புகள். ஓர் உணவு ஏன் அந்த நிறத்திலும் மணத்திலும் பதத்திலும் இருக்கிறது, எதனால் கெடுகிறது, கெடாமல் எத்தனை நாள் வைக்கலாம், அதைச் சாப்பிடுகிறவருக்குத் தீங்கு வராது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பவற்றுக்கு வேதியியல், நுண்ணுயிரியல், பொறியியல் ஆகிய மூன்றின் துணையோடும் விடை தேடுவதே உணவு அறிவியல்.

வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஒரே விகிதத்தில் அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டிய இட்லி மாவு, சேலத்தில் ஏப்ரல் மாதத்தில் விடிவதற்குள் பொங்கிப் புளித்து விடுகிறது. டிசம்பர் குளிரில் ஏற்காட்டில் அதே மாவு மறுநாள் மதியம் வரையிலும் எழும்ப மறுக்கிறது. மாவைப் பொங்க வைப்பது லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிடும் வாயு; அவை வேலை செய்யும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. வெயில் காலம், குளிர் காலம் என்று அம்மா அனுபவத்தால் அறிந்து வைத்திருப்பதை, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம், அப்போது அமிலத்தன்மை எவ்வளவு என்று அளந்து எழுதி, ஆயிரம் கிலோ மாவுக்கும் அதே பதம் வரும்படி செய்வது நம் வேலை. அம்மாவின் அறிவை நான் இதைவிடக் குறைந்ததாக நினைப்பதில்லை. அளந்து எழுதினால்தான் அது அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்.

உணவு அறிவியல், உணவுத் தொழில்நுட்பம், ஊட்டச்சத்தியல் மூன்றும் ஒன்றா?

பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் கலந்தாய்வின்போது பலர் குழம்பி, வேண்டியது ஒன்றும் சேர்ந்தது வேறொன்றுமாக ஆகிவிடுகிறார்கள். பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் நான்காண்டுப் பொறியியல் படிப்பு. கொதிகலன், வெப்பப் பரிமாற்றி, உலர்த்தும் இயந்திரம், குளிர்பதனம் எல்லாம் அதில் வரும். பி.எஸ்சி. உணவு அறிவியல் பெரும்பாலும் மூன்றாண்டு. வேதியியலும் நுண்ணுயிரியலும் அதன் இரு கால்கள். ஊட்டச்சத்தியலும் உணவு முறையியலும், சாப்பிட்ட பிறகு உடம்புக்குள் நடப்பதைப் பற்றியவை. மருத்துவமனையில் நோயாளிக்கு உணவுத் திட்டம் வகுக்கும் வேலைக்கு அதுதான் வழி. ஆலைக்குள் போக விரும்புகிறவர் அதில் சேர்ந்தால் பின்னால் வருத்தப்படுவார், மருத்துவமனைக்குப் போக விரும்பியவர் பி.டெக். சேர்ந்தாலும் அப்படித்தான். சில கல்லூரிகளில் உணவு அறிவியலையும் ஊட்டச்சத்தியலையும் சேர்த்து ஒரே பட்டமாகத் தருகிறார்கள். அங்கே எந்தப் பக்கத்துக்கு அதிகத் தாள்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருக்க வேண்டும்?

பொறியியல் கலந்தாய்வு வழியாகப் பி.டெக். சேர இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். பி.எஸ்சி. படிப்புகளுக்கு உயிரியல் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எந்த வழியில் போனாலும் வேதியியல் பிடிக்காதவர் இந்தத் துறைக்கு வராமல் இருப்பது அவருக்கு நல்லது.

சேலத்து மாணவர் எங்கெல்லாம் படிக்கலாம்?

வீட்டிலிருந்தே போய்வர விரும்பினால், 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தையும் அதன் இணைவு பெற்ற கல்லூரிகளையும் முதலில் விசாரிக்கலாம். பொறியியல் வழியில் மிக அருகில் இருப்பவற்றுள் பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி ஒன்று. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியிலும் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், சென்னையை அடுத்த கொடுவள்ளியில் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியை நடத்தும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தங்களுக்கெனத் தனி விண்ணப்பமும் தனிக் கலந்தாய்வும் வைத்திருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டோம், எல்லாம் அதிலேயே வந்துவிடும் என்று இருந்து இந்த இரண்டையும் தவறவிட்ட குடும்பங்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். தேதிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம், திருவாரூரில் நெல் பதப்படுத்துதலுக்கான சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி வளர்ந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அங்கே பி.டெக். சேர ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு எழுத வேண்டும் என்பதால், அந்த எண்ணம் உள்ளவர் பதினொன்றாம் வகுப்பிலேயே தயாராகத் தொடங்க வேண்டும்.

என்னதான் பாடம் நடத்துவார்கள்? கடினமாக இருக்குமா?

உணவு வேதியியல், உணவு நுண்ணுயிரியல், பதப்படுத்தும் பொறியியல், தரச் சட்டங்கள் என்ற நான்கும் முதுகெலும்பு. மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவார்கள். ஏனெனில் இங்கே ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

4.6 என்ற அமிலத்தன்மை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா, காற்றில்லாத டப்பாவுக்குள் முளைத்து, மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும், பி.எச். அளவு (அமிலம் கூடக்கூட இந்த எண் குறையும்) 4.6க்குக் கீழே இருந்தால் அதனால் அங்கே வளர முடியாது. மாங்கூழ் அந்த எல்லைக்குக் கீழே இருப்பதால், நன்கு பழுத்துப் புளிப்புக் குறைந்த பழமாக இருந்தால் சிட்ரிக் அமிலம் சேர்த்து அந்த நிலைக்குக் கொண்டுவருவதால், டப்பாவைக் கொதிநீர் வெப்பத்தில் பதப்படுத்தினாலே போதும். அதே டப்பாவில் பட்டாணியையோ காளானையோ அடைத்தால் அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றியாக வேண்டும். இதைப் புரிந்துகொண்ட மாணவர், ஊறுகாய் ஏன் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது, எண்ணெய்க்குள் அப்படியே போட்டு வைத்த பச்சைப் பூண்டு ஏன் ஆபத்தானது என்ற இரண்டையும் தாமே விளக்கிவிடுவார்.

பாலும் அப்படித்தான். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினால் நோய்க் கிருமிகள் அழியும். அழிந்தனவா என்று கிருமிகளைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. பாலில் இயல்பாக உள்ள பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அந்தக் கிருமிகளைவிடச் சற்றே அதிக வெப்பம் தாங்கும் என்பதால், அது செயலிழந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். நொதி போயிருந்தால் கிருமிகளும் போயிருக்கும். இந்தச் சோதனையை முதன்முதலாக என் கையால் செய்த நாளில்தான் இந்தத் துறையை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

சேலத்தில் இருந்து இதைப் படிப்பதால் என்ன நன்மை?

வேறு ஊர் மாணவர்கள் புத்தகத்தில் படமாகப் பார்ப்பது நமக்குப் பேருந்து போகும் தூரத்தில் இருக்கிறது. முதலில் ஜவ்வரிசி. ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேரென்று காயும் மாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1981இல் உற்பத்தியாளர்கள் கூட்டுறவாக அமைத்த சேகோசர்வ் சேலத்தில்தான் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த ஆலைக்குள் பாடத்திட்டத்தின் பாதி இருக்கிறது. ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளிக்கிழங்கில், லினமரின் என்னும் பொருள் உண்டு. கிழங்கை அரைத்ததும் அதிலுள்ள நொதி இதைச் சிதைத்து, ஹைட்ரஜன் சயனைடு நஞ்சு வெளிப்பட வழிசெய்கிறது. அரைத்த கிழங்கை நீர்விட்டுச் சலித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய விட்டு, நீரை வடித்துவிடும்போது அந்த நஞ்சும் நீரோடு போய்விடுகிறது. சல்லடையில் தங்கும் திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. பாதி காய்ந்த மாவை உதிர்த்துக் குலுக்கி உருண்டைகளாக்கி, சூடான தட்டில் வறுக்கிறார்கள். மரவள்ளி மாவு ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரியில் நீரை உறிஞ்சிப் பசையாகும் என்பதால், உருண்டையின் மேற்பரப்பு பசையாகி இறுகி, உள்ளே மாவாகவே நிற்கிறது. வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசி கிடைக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமாக வரும் ஸ்டார்ச் வேதியியலை இந்த ஒரு வறுவல் தட்டின் முன் நின்றே கற்றுவிடலாம்.

கலப்படத்தைப் பற்றிய பாடமும் அங்கேயே உண்டு. மரவள்ளி ஸ்டார்ச்சில் விலை குறைந்த மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கலப்பதும், பளிச்சென்ற வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பதும் இத்தொழிலை நெடுநாளாக வாட்டுபவை. நுண்ணோக்கியின் கீழ் மக்காச்சோள மணி பல கோணங்களோடும், மரவள்ளி மணி ஒரு பக்கம் வெட்டிய உருண்டை போலவும் தெரியும். இரண்டாம் ஆண்டு மாணவியால் கண்டுபிடிக்க முடிகிற கலப்படம் அது. வாங்குகிறவர்கள் வெள்ளை நிறத்தையே தரம் என்று நம்புகிற வரையில் ஆலைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து. சற்றே மங்கிய ஜவ்வரிசியை மனமார வாங்கப் பழகுவது நம் பங்கு.

மலைமேல் காபி இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த செடி சேர்வராயன் மலையெங்கும் பரவியது. பழத்தின் தோலை நீக்கி, வழவழப்பான சதை போகும்வரை ஊறவிட்டுப் புளிக்க வைத்து, கழுவி, ஈரப்பதம் ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்கிறார்கள். மழை வந்து காய்வது தாமதமானால் பூஞ்சை பிடித்து ஆக்ராடாக்சின் என்ற நஞ்சு உருவாகக்கூடும். தோட்டத்தில் அறுவடை நேரத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்த்த மாணவருக்கு, ஈரப்பதம் ஏன் அளக்கப்படுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாம்பழப் பருவத்தில் சந்தையைப் பாருங்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்த அனுமதி உண்டு. பழம் தானே வெளியிடுவதும் அதே எத்திலீன்தான் என்பதும், கார்பைடில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கக்கூடும் என்பதும் தெரிந்தால் ஒன்றுக்கு ஏன் தடை, மற்றதற்கு ஏன் அனுமதி என்பது புரிந்துவிடும்.

படித்து முடித்ததும் முதலில் என்ன வேலை கிடைக்கும்?

பெரும்பாலோருக்குத் தரக் கட்டுப்பாட்டு வேலைதான். பால் பண்ணை, பிஸ்கட், மசாலா, எண்ணெய், மாங்கூழ், முட்டைத்தூள், குளிர்பானம் என்று எந்த ஆலையாக இருந்தாலும், வரும் மூலப்பொருளையும் போகும் சரக்கையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர் வேண்டும். தொடக்கச் சம்பளம், கணினித் துறைக்குப் போன நண்பரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனம் சோரும் அளவில்தான் இருக்கும். இரவுப் பணியும் உண்டு. இதை மறைத்துச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். நான்கைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு நிலைமை மாறும். உற்பத்தி, புதிய பொருள் உருவாக்கம், தணிக்கை, ஏற்றுமதி ஆவணங்கள் என்று வழிகள் பிரியும்.

அந்தக் கையெழுத்தின் கனத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், மாம்பழப் பருவத்தின் உச்சத்தில், 3.1 கிலோ டப்பாக்களை மூடும் இயந்திரத்தில் ஒரு கோளாறு. மூடியும் உடலும் ஒன்றோடொன்று மடிந்து பூட்டிக்கொள்ளும் விளிம்பை அறுத்து அளந்தபோது, மடிப்பு போதிய அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. அந்த இரவு முழுவதும் அடைத்த சரக்கை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதினேன். லாரி வாசலில் நின்றது. வயதில் மூத்த மேலாளர், டப்பா ஒன்றும் ஒழுகவில்லையே என்று மூன்று முறை கேட்டார். கை நடுங்கியது உண்மை, எழுதியதை மாற்றவில்லை. 37 டிகிரி அறையில் வைத்த மாதிரிகளில் சில, பத்து நாளுக்குள் உப்பின. வேண்டாம் என்று எழுதும் துணிவை எந்தத் தாளிலும் தேர்வு வைத்துச் சோதிப்பதில்லை. ஆனால் இந்த வேலையின் மையம் அதுவே.

அரசு வேலை உண்டா?

உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி களத்தில் ஆய்வு செய்து மாதிரி எடுப்பவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். தமிழ்நாட்டில் 2021இல் இப்பணிக்கான தேர்வை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவித்தது. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளும் வேதியியல் முதுகலைப் பட்டதாரிகளும் இதற்குத் தகுதி பெற்றவர்கள் என்பதால் போட்டி பெரிது. இங்கே ஓர் எச்சரிக்கை: தகுதிப் பட்டியலில் பட்டத்தின் பெயரைத்தான் பார்ப்பார்கள். உங்கள் பட்டச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், அது சமமானதாக ஏற்கப்படுகிறதா என்று அறிவிக்கையில் வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும். சேருவதற்கு முன்பே பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்துப் படிப்பது இன்னும் நல்லது.

எடுத்த மாதிரியைச் சோதித்து அறிக்கை தருபவர் உணவுப் பகுப்பாய்வாளர். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. பொதுவாக முதுகலைப் பட்டமும் மூன்றாண்டு ஆய்வுக்கூட அனுபவமும் பெற்று, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரத்துக்கான தேசிய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) நடத்தும் தேர்விலும் வெற்றி பெற்றவரே இந்தப் பொறுப்புக்கு வர முடியும். தேசிய ஆணையத்தின் தொழில்நுட்ப அலுவலர் பணி, இந்திய உணவுக் கழகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பணி, நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றையும் கவனித்துவர வேண்டும்.

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக முடியுமா?

ஊட்டச்சத்தியல் அல்லது உணவு முறையியலில் முதுகலையோ முதுநிலைப் பட்டயமோ முடித்து, மருத்துவமனைப் பயிற்சியும் பெற்று, இந்திய உணவு முறையியல் சங்கத்தின் பதிவுத் தேர்வை எழுதுவது இதற்கான வழி. பி.டெக். மட்டும் படித்தவருக்கு இது பொருந்தாது.

பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற துறையா?

என் வகுப்பில் பெண்களே அதிகம். ஆனால் ஆலையில் ஐந்தாண்டு தாண்டியவர்களில் பெண்கள் சிலரே. இரவுப் பணி என்றதும் வீட்டில் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். தடை எங்கிருந்து வந்தது என்பதைப் பெற்றோர் மனம் விட்டு யோசிக்க வேண்டும். நேர்காணலின்போதே இரவுப் பணிக்கு வாகனம் உண்டா, உடன் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், தங்குமிடம் எங்கே என்று பெண்ணே கேட்கட்டும். ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் பகல் வேலைதான். நான் பிற்பாடு அங்கே மாறியதற்குக் குழந்தை பிறந்ததும் ஒரு காரணம்.

சொந்தத் தொழில் தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் சுவையை மட்டும் நம்பித் தொடங்குகிறவர்கள் மூன்றாம் மாதத்தில் திரும்பி வரும் சரக்கைப் பார்த்துத் திகைக்கிறார்கள். கம்பு மாவு நல்ல உதாரணம். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த உடனே லைபேஸ் என்னும் நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கி, சில நாள்களிலேயே கசப்பு ஏறிவிடும். அரைப்பதற்கு முன் தானியத்தை முறையாகச் சூடுபடுத்தினால் நொதி அடங்கி, மாவு நெடுநாள் நிற்கும். இந்த ஒரு படியைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு, லாபத்துக்கும் நட்டத்துக்கும் உள்ள வேறுபாடு.

தட்டுவடையும் முறுக்கும் போடுகிறவர்கள் எண்ணெயைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், அது சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. காபித்தூள் விற்பவர் சிக்கரி கலந்தால் காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டின் அளவையும் உறையில் அச்சிட வேண்டும். பொட்டலத்தில் தேசிய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் கட்டாயம். மூலதனத்துக்கு, 2020இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்தார்கள். இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மேற்படிப்புக்கு எங்கே போகலாம்?

மைசூரில் 1950இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நமக்கு மிக அருகில் இருக்கும் பெரிய வாய்ப்பு. சேலத்துப் பிள்ளைகள் அதை ஏனோ தொலைவாக நினைக்கிறார்கள். ஊட்டச்சத்துப் பக்கம் போகிறவர்களுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் நம் குன்னூரில்தான் அது பிறந்தது. முதுகலைச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வின் உயிர் அறிவியல் தாளில் உணவுத் தொழில்நுட்பம் ஒரு விருப்பப் பகுதி. ஏற்காட்டுத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் தனியாகச் சொல்வது, காபி வாரியம் நடத்தும் காபித் தர மேலாண்மை முதுநிலைப் பட்டயம். சொந்தத் தோட்டத்துக் காபியைச் சுவைத்து மதிப்பிடத் தெரிந்தவரிடம் வியாபாரி விலை பேசும் விதமே வேறு.

செலவு கட்டுப்படியாகுமா?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் பெற்றவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நுண்ணுயிரியல் அறையில் இன்று யாராவது வேலை செய்கிறார்களா, கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் அடைகாப்பானில் தட்டுகள் இருக்கின்றனவா, கொழுப்பு அளக்கும் கருவியின் உறை பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். ஆலைப் பயிற்சி எத்தனை வாரம், சென்ற ஆண்டு மாணவர்கள் எந்த ஆலைகளுக்குப் போனார்கள் என்று ஆலையின் பெயரோடு கேளுங்கள். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியே அழைத்து, கடைசியாக நீ உன் கையால் செய்த சோதனை எது என்று கேட்டுப் பாருங்கள். அவள் தயங்காமல் சொன்னால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளலாம்.